கல்லை வெட்டுமுன் பைலைப் பாருங்கள்

ஓடர் கொடுத்தவர் "நான் சொன்னது இதுவல்ல" என்கிறார். வெட்டியவர் "நீங்கள் அனுப்பிய பைல்படிதான் வெட்டினேன்" என்கிறார். நடுவிலே 20 மில்லிமீற்றர் தடிப்பான கிரனைட் பலகை ஒன்று எவருக்கும் உதவாத துண்டாகக் கிடக்கின்றது. வாட்டர்ஜெட் எனப்படும் நீர்த்தாரை வெட்டு வேலைகளைக் கொடுத்து வாங்கும் எமது வியாபாரிகள் மத்தியில் இந்த வாக்குவாதம் புதியதல்ல. பென்ட்ரி கபட் செய்பவர், பெயர்ப்பலகை செய்பவர், கேட்டும் கிறிலும் அடிப்பவர், பள்ளிவாசல்களுக்கு மாபிள் வேலை எடுப்பவர், பஞ்சிகாவத்தையில் கேஸ்கட் விற்பவர் என்று பலரும் ஏதோ ஒரு நாளில் இந்த இயந்திரத்தின் வாசலுக்குப் போக வேண்டியவர்களாகவே இருக்கின்றனர்.

இத்தகைய சண்டைகளில் பெரும்பாலானவை இயந்திரத்தால் வருபவை அல்ல, இயந்திரத்துக்குக் கொடுக்கப்படும் டிசைன் பைலால் வருபவை என்பதே எனது கருத்தாகும். அந்தப் பைலை "வெட்டுகிறவன் பார்த்துக் கொள்வான்" என்று விட்டுவிடும் எமது பழக்கம்தான் நட்டத்தின் வேர். கல்லுக்குப் பேரம் பேசுகின்றோம், வெட்டுக்கூலிக்குப் பேரம் பேசுகின்றோம், ஆனால் கல்லை எந்தக் கோட்டில் வெட்டப் போகின்றார்கள் என்பதைப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்குவதில்லை.

முதலில் இயந்திரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று ஏறக்குறைய 30 பீ.எஸ்.ஐ. அழுத்தமுடையது. இங்கே தண்ணீர் சுமார் 60,000 பீ.எஸ்.ஐ. அழுத்தத்தில், கால் மில்லிமீற்றர் அளவான துவாரத்தின் வழியாகப் பாய்கின்றது. அத்துவாரம் வைரத்தினால் அல்லது நீலக்கல்லினால் ஆனது. (பேருவளை மாணிக்க வியாபாரிகள் அவசரப்பட வேண்டாம், அது செயற்கைக் கல்.) அந்தத் தாரையுடன் கார்னெட் என்னும் கடினமான மணல் கலக்கப்படுகின்றது. தமிழ்நாட்டின் தென்கோடிக் கடற்கரைகளிலும் கிடைக்கும் மணல்தான் அது. வெட்டுவது உண்மையில் இந்த மணலே. கல், இரும்பு, பித்தளை, கண்ணாடி, இறப்பர் எதுவாயினும் சூடேறாமல் வெட்டுப்படுவது இதன் சிறப்பு. ஒரு நிமிடத்துக்கு 300 முதல் 500 கிராம் வரை மணல் செலவாகின்றது. ஆகவே இந்தத் தொழிலில் நேரம் என்பது அப்படியே காசு.

இயந்திரம் வெகு கீழ்ப்படிவானது. கையால் வெட்டும் பாஸ் ஒருவரிடம் தவறான அளவு கொடுத்தால், "முதலாளி, இது சிங்குக்குச் சின்னதாக இருக்குமே" என்று அவர் தலையைச் சொறிவார். இயந்திரம் தலையைச் சொறிவதில்லை. கோட்டைப் பார்க்கும், வெட்டும், முடிந்ததும் நிற்கும்.

சரி, பைலில் என்ன பிழைகள் வருகின்றன?

முதலாவது, படத்தைக் கொடுத்துவிட்டுப் பைல் கொடுத்துவிட்டதாக நினைப்பது. போனில் எடுத்த போட்டோவும், இணையத்தில் இறக்கிய ஜேபெக் படமும் வெறும் நிறப் புள்ளிகளின் கூட்டம். அதில் இயந்திரம் பின்தொடரக்கூடிய கோடு என்று ஒன்றுமே கிடையாது. போதாக்குறைக்கு வட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அது மேலும் சுருங்கி மங்கிவிடுகின்றது. வெட்டுக்கு வேண்டியது கோடுகளாலும் வளைவுகளாலும் ஆன வரைபடம். ஆட்டோகேட் மென்பொருளுடன் 1982 இல் வந்த டி.எக்ஸ்.எப். என்ற பைல் வகையை இன்றைக்கும் ஏறக்குறைய எல்லா வெட்டு இயந்திரங்களின் மென்பொருளும் வாசிக்கும். எமது அச்சகங்களில் வழக்கத்திலுள்ள கோரல்ட்ரோவில் வரைந்தாலும் அதை டி.எக்ஸ்.எப். ஆக மாற்றிக் கொடுக்க முடியும். எந்தப் பைலை அனுப்பினாலும் வட்ஸ்அப்பில் படமாக அன்றி, டொக்கியுமென்ட்டாக அனுப்ப வேண்டும்.

"படத்தை ஒரு பட்டனை அமுக்கிக் கோடாக மாற்றிவிடலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. மாற்றலாம். ஆனால் தானாக மாற்றிய கோட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். வழவழப்பாக இருக்க வேண்டிய வளைவு, பல்லுப் பல்லாக ஆயிரம் சிறு துண்டுகளாக இருக்கும். இயந்திரம் ஒவ்வொரு பல்லுக்கும் வேகத்தைக் குறைக்கும். பத்து நிமிட வேலை அரை மணித்தியாலமாகும். மணலும் போகும், விளிம்பும் கரடுமுரடாகும். அதன் மேலாகக் கையால் வரைந்து திருத்தினால்தான் அது பைல். அதற்குத் திறமையும் நேரமும் வேண்டும், அதற்குரிய கூலியும் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது எழுத்து. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் எமது நாட்டில் ஒரு பெயர்ப்பலகையில் மூன்று மொழி இருக்கும், எமது பள்ளிவாசல்களின் பலகையிலோ நான்காவதாக அரபும் சேரும்.

பாமினி எழுத்துருவில் டைப் செய்து பழகியவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். பாமினியில் அடித்த பெயரை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் கலந்த ஒரு கிறுக்கல்தான் தெரியும். அது கண்ணுக்குத் தெரியும் பிழை, எவரும் வெட்டமாட்டார்கள். ஆபத்தானது யூனிகோட்டில் அடித்த தமிழை, அதைச் சரியாகக் கோக்கத் தெரியாத பழைய டிசைன் மென்பொருளில் திறக்கும்போது வருவது. கொம்பு ஓரிடத்திலும் எழுத்து வேறோரிடத்திலுமாக நிற்கும். தமிழ் தெரியாத ஒப்பரேட்டருக்கு அதுவும் தமிழ்தான்.

அரபு இதைவிட நுட்பமானது. சொல்லின் தொடக்கத்தில், நடுவில், இறுதியில் என்று ஒரே எழுத்து வெவ்வேறு உருவம் எடுக்கின்றது. அரபு வசதியில்லாத மென்பொருளில் எழுத்துக்கள் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாக, அதுவும் இடமிருந்து வலமாக வரிசையாக நிற்கும். எட்ட நின்று பார்ப்பவருக்கு அரபுபோலத்தான் இருக்கும். பித்தளையில் வெட்டிச் சுவரில் ஏற்றி, திறப்பு விழாவுக்கு ஆட்கள் வந்த பின்னர் ஓதத் தெரிந்த ஒரு சிறுவன் காட்டிக் கொடுத்தால் வியாபாரியின் நிலை என்ன? காசு நட்டத்தை விடுங்கள், அந்த ஊரில் அவர் அடுத்த வேலை எடுக்க முடியுமா?

இதற்கு மருந்து ஒன்றுதான். பைலை அனுப்புமுன், எழுத்து சரியாகத் தெரியும் கணினியிலேயே அதை எழுத்து என்ற நிலையிலிருந்து வெறும் கோடாக மாற்றிவிட வேண்டும். கோரல்ட்ரோவில் இதற்குக் கன்வர்ட் டு கேர்வ்ஸ் என்று பெயர். கொன்ட்ரோலும் கியூவும் அமுக்கினால் போதும். அதன்பின் எந்தக் கணினியில் திறந்தாலும் உருவம் மாறாது. ஆனால் மாற்றிய பிறகு எழுத்துப்பிழையைத் திருத்த முடியாது என்பதால், மாற்றுமுன் மொழி தெரிந்த ஒருவர் வாசித்துப் பார்த்திருக்க வேண்டும். அரபென்றால் ஒரு மௌலவியிடம், சிங்களமென்றால் ஒரு சிங்கள ஆசிரியரிடம் காட்டுங்கள். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

எழுத்திலே இன்னொரு பொறி இருக்கின்றது. தகட்டில் எழுத்தை ஓட்டையாக வெட்டும்போது, மூடிய சுழிக்குள் இருக்கும் பகுதிக்குப் பிடிமானம் கிடையாது, வெட்டியதும் கழன்று விழுந்துவிடும். தமிழில் 'அ' வின் சுழி, சிங்களத்தில் பல எழுத்துக்களின் வட்டங்கள், அரபில் மீம், வாவ், காஃப் போன்றவற்றின் தலை எல்லாம் இப்படி விழக்கூடியவை. அவை விழாமலிருக்கச் சிறு பாலம் போல ஓர் இணைப்பை வரைபடத்திலேயே விட வேண்டும். எழுத்தையே தனித்துண்டாக வெட்டும்போதோ பிரச்சினை தலைகீழாக மாறுகின்றது. மெய்யெழுத்தின் புள்ளியும், அரபு எழுத்தின் நுக்தாவும் தனித்தனிச் சிறு துண்டுகள். அவை இயந்திரத்தின் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்துவிட்டால் தேடி எடுப்பது பெரும்பாடு. பா, தா, ஸா மூன்றையும் பிரித்துக் காட்டுவதே புள்ளிதான். ஆகவே எத்தனை துண்டுகள் வர வேண்டும் என்ற எண்ணிக்கையை ஓடரில் எழுதிக் கொடுங்கள். பொருளை எடுக்கும்போது எண்ணி எடுங்கள்.

மூன்றாவது அளவு. எமது வியாபாரத்தில் மூன்று அளவுமுறைகள் ஒரே வாக்கியத்தில் வரும். "6 அடி நீளம், 600 அகலம், 2 நூல் தகடு" என்போம். கேட்பவருக்கும் விளங்கும். பைலுக்கு விளங்காது. ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று, அதாவது 3.175 மில்லிமீற்றர். ஆகவே 2 நூல் 6.35 மில்லிமீற்றர். ஆனால் கடையில் அந்தப் பெயரில் கிடைக்கும் தகடு பெரும்பாலும் 6 மில்லிமீற்றர். ஒரு தகட்டை இன்னொன்றுக்குள் பூட்டும் வேலையென்றால் அந்தச் சிறு வித்தியாசத்தில் ஆட்டம் விழும். அதேபோல 2 அடி டைல் என்று நாம் வாங்குவது 600 மில்லிமீற்றர், உண்மையான 2 அடியோ 609.6. ஒரு டைலில் எவரும் கவனிக்கமாட்டார்கள். பத்து டைல் வரிசையில் 96 மில்லிமீற்றர், ஏறக்குறைய 4 அங்குலம் பிசகும்.

அங்குலத்தில் வரைந்த பைலை மில்லிமீற்றராக வாசித்தால் எல்லாமே 25.4 மடங்கு சிறுத்துப் போகும். இது எல்லோரும் பயப்படும் பிழை. எனக்கோ இதில் அவ்வளவு பயமில்லை. சிங்குத் துளை தீப்பெட்டி அளவில் வந்தால் ஒப்பரேட்டரே சிரித்துவிட்டு உங்களுக்குப் போன் எடுப்பார். பயப்பட வேண்டியது நூற்றுக்கு மூன்று வீதப் பிழைக்குத்தான். வரைபடத்தைப் பீ.டி.எப். ஆக்கும்போதோ, அச்சிடும்போதோ, தாளுக்கு அடங்கும்படி சிறிதாக்கு என்ற தெரிவு இடப்பட்டிருந்தால் சத்தமில்லாமல் அளவு சுருங்கிவிடுகின்றது. 600 மில்லிமீற்றரில் மூன்று வீதம் 18 மில்லிமீற்றர். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சிங்க் துளைக்குள் இறங்காது. இதற்குப் பழைய வரைபடக்காரர்கள் செய்யும் வேலை ஒன்றுண்டு. வரைபடத்தின் ஓரத்தில், வெட்டுக் கோடுகளோடு சேராமல் வேறு நிறத்தில், 100 மில்லிமீற்றர் சதுரம் ஒன்றை வரைந்து "இது 100" என்று எழுதிவிடுவார்கள். அடுத்தவர் கணினியில் அந்தச் சதுரத்தை அளந்தால் 97 என்று காட்டுகின்றதா, 100 என்று காட்டுகின்றதா என்பது ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

கிரனைட் வேலை எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பொலிஷ் செய்த கல்லைப் புரட்டிப் போட முடியாது. பென்ட்ரியின் மேற்கல் 'எல்' வடிவமாக இருந்தால் அதில் இடக்கை, வலக்கை உண்டு. இரும்புத் தகட்டில் மாறி வெட்டினாலும் புரட்டிச் சமாளிக்கலாம், கல்லில் முடியாது. பைலில் மேல், கீழ் என்று எதுவும் எழுதப்பட்டிருப்பதில்லை. "பொலிஷ் முகம் மேலே, இது மேலிருந்து பார்க்கும் தோற்றம், சுவர் இந்தப் பக்கம்" என்று வரைபடத்திலேயே குறித்தாக வேண்டும்.

அடுத்தது, வெட்டின் அகலம். கத்திக்கு மெல்லிய அலகு, நீர்த்தாரைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் அகலம். கோட்டின் மேலேயே தாரை போனால், துண்டின் ஒவ்வொரு பக்கத்திலும் அரை மில்லிமீற்றர் குறையும், துளையின் ஒவ்வொரு பக்கத்திலும் அரை மில்லிமீற்றர் கூடும். மாபிளில் பூ வேலை செய்து, வேறு நிறக் கல்லை அந்தக் குழிக்குள் பதிப்பவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. குழி அரை கூடி, பூ அரை குறைந்தால் சுற்றிவர 1 மில்லிமீற்றர் இடைவெளி. பள்ளிவாசல் மிஹ்ராபில் அந்தப் பசைக் கோடு எட்ட நின்றே தெரியும். வெட்டும் நிறுவனங்கள் இதற்காகத் தாரையைக் கோட்டுக்கு வெளியே அல்லது உள்ளே அரை மில்லிமீற்றர் தள்ளி ஓட்டுகின்றன. அது அவர்களின் வேலை. கெட்டிக்காரத்தனமாக நாமும் வரைபடத்தில் தள்ளி வரைந்தால் இரண்டு தரம் தள்ளியதாகிவிடும். பைலில் இருக்க வேண்டியது பொருளின் உண்மையான அளவு மட்டுமே. பதிப்பு வேலையென்றால் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதை எழுத்தில் கொடுங்கள், வரைந்து கொடுக்காதீர்கள்.

தாரை வட்டமானது என்பதால் உள்மூலைகள் ஊசிக் கூராக வராது, சிறு வளைவுடனேயே வரும். சதுரக் குழிக்குள் சதுரத் துண்டை இறுக்கப் பொருத்த நினைப்பவர் மூலைகளை ஒரு மில்லிமீற்றர் வளைவாகவே வரைந்துவிடுவது நல்லது. ஒரே கோடு இரண்டு முறை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தால் இயந்திரம் இரண்டு முறை வெட்டும், இரண்டுக்கும் நீங்கள்தான் பணம் கட்டுவீர்கள். கோடு மூடாமல் வாய் பிளந்து நின்றால் எது உள்ளே எது வெளியே என்று மென்பொருளுக்குத் தெரியாது. இவையெல்லாம் வரைபவர் சரிபார்க்க வேண்டிய சில்லறை விடயங்கள். சரிபார்த்தாயா என்று கேட்பது உங்களுடைய வேலை.

கண்ணாடி வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை. டெம்பர் செய்த கண்ணாடியை இந்த இயந்திரத்தில் வெட்ட முடியாது, தாரை பட்டதும் முழுக்கண்ணாடியும் நொறுங்கிப் போகும். முதலில் வெட்டி, துளையிட்டு, அதன் பின்னரே டெம்பர் செய்ய வேண்டும். ஆகவே கண்ணாடிக்கான பைலில் இரண்டாவது தடவைக்கு இடமே கிடையாது.

இப்போது பணத்துக்கு வருவோம். 2022 ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியதை எமது வியாபாரிகள் மறந்திருக்கமாட்டார்கள். இறக்குமதிக் கல்லும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும், பித்தளையும் அதன்பின் பழைய விலைக்குத் திரும்பவில்லை. முன்னர் ஒரு பலகை பிழைத்தால் இலாபத்தில் ஒரு பகுதி போகும், இன்று அந்த ஓடரின் இலாபம் முழுவதும் போய்க் கைக்காசும் போகின்றது. அப்படியிருந்தும் வரைபடத்துக்கென்று தனியாகப் பணம் கேட்டால் முகத்தைச் சுளிக்கின்றோம். "வெட்டுக்கூலிக்குள் போட்டுச் செய்து தாருங்கள்" என்கின்றோம். வெட்டும் நிறுவனமும் ஓடரை விடக்கூடாது என்பதற்காகத் தலையாட்டுகின்றது. இலவசமாகச் செய்யும் வேலையை எவர் செய்வார்? மூன்று மாதத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்த பொடியன் செய்வான். அதன் விளைவைக் கல்லிலே பார்க்கின்றோம்.

நிறுவனங்களும் இதில் குற்றமற்றவை அல்ல. போட்டோவை வாங்கிக் கொண்டு "பிரச்சினையில்லை ஹாஜியார், நாளைக்கு வாங்க" என்று சொல்வது சேவை போலத் தெரியலாம். ஆனால் என்ன வெட்டப் போகின்றோம் என்பதைக் காட்டாமல் ஒருவரின் கல்லில் கை வைப்பது நேர்மையான வியாபாரமாகாது. பைலை எவர் கொண்டுவந்தாலும், வெட்டுமுன் அளவுகளோடு அச்சிட்ட ஒரு தாளை ஓடர் கொடுத்தவருக்குக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்திட்ட தாளில் உள்ள பிழை ஓடர் கொடுத்தவருடையது, தாளிலிருந்து விலகிய வெட்டு நிறுவனத்துடையது. கையெழுத்தே வாங்காமல் வெட்டினால் நட்டம் முழுவதையும் வெட்டியவரே ஏற்க வேண்டும் என்பேன். இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் இப்படி ஒரு வழக்கம் வந்துவிட்டால் ஒரு வருடத்துக்குள் வாக்குவாதங்களில் பாதிக்கு மேல் இல்லாமல் போகும்.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்த ஒன்றல்ல. செய்து தரும்படி ஓடர் கொடுத்து வாங்கும் வியாபாரத்துக்கு எமது பிக்ஹ் நூல்களில் இஸ்திஸ்னாஃ என்றே தனிப் பெயர் இருக்கின்றது. உஸ்மானிய ஆட்சியில் 1869 இற்கும் 1876 இற்கும் இடையில் ஹனபி மத்ஹபின் அடிப்படையில் தொகுக்கப்பட்ட மஜல்லா, செய்விக்கும் பொருளை வேண்டியவாறே முழுமையாக விபரிக்க வேண்டும் என்று கூறுகின்றது. உடன்படிக்கை முடிந்தபின் எந்தத் தரப்பும் பின்வாங்க முடியாது, பொருள் விபரித்தவாறு அமையாவிட்டால் மாத்திரமே ஓடர் கொடுத்தவருக்கு மறுக்கும் தெரிவு உண்டு என்றும் கூறுகின்றது. அப்படியானால் விபரம் எது? வாயால் சொன்னதா, போனில் அனுப்பிய படமா, கையெழுத்திட்ட அளவுத்தாளா? வெட்டு வேலையில் பைலும் அந்தத் தாளும்தான் விபரம். அதைச் சரியாகக் கொடுக்காதவர் பின்னர் மறுக்கும் உரிமையையும் சேர்த்தே இழக்கின்றார்.

கொஞ்சம் பெரிய வேலையென்றால் கையெழுத்தோடு நிற்காமல், வரைபடத்தை முழு அளவில் தாளில் அச்சிட்டு, வெட்டி, இருக்கும் இடத்தில் வைத்துப் பார்த்துவிடுங்கள். பிளொட்டர் வைத்திருக்கும் கொமியூனிகேஷன் கடைகளில் இதைச் செய்து கொள்ளலாம். ஒரு பென்ட்ரிக் கல்லின் விலையோடு ஒப்பிட்டால் அந்தத் தாளின் விலை ஒன்றுமே இல்லை. சிங்கைத் தாளின் மேல் கவிழ்த்து வைத்துப் பார்க்கலாம், சுவர் மூலை உண்மையில் 90 பாகைதானா என்று பார்க்கலாம். (எமது வீடுகளில் பெரும்பாலும் இல்லை.) தையல்காரர் துணியில் கத்தரிக்கோல் வைக்குமுன் சோக்கால் வரைவது போலத்தான் இது.

பைல் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியையும் முன்கூட்டியே தீர்த்துக் கொள்ள வேண்டும். வரைபடத்துக்குப் பணம் கட்டினால், முடிந்த பைலின் பிரதி உங்கள் கைக்கு வர வேண்டும் என்று கொட்டேஷனிலேயே எழுதச் சொல்லுங்கள். அடுத்த தடவை அதே கிறில், அதே பூ, அதே கேஸ்கட் வேண்டுமென்றால் வேறு இடத்தில் விலை கேட்கும் சுதந்திரம் அப்போதுதான் உங்களிடம் இருக்கும். சில இடங்களில் பைலைத் தரவே மாட்டார்கள். பணம் வாங்காமல் வரைந்தவர்கள் என்றால் அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கின்றது. இலவசமாக வாங்கியதை உரிமையாகக் கேட்க முடியாது.

வாங்கிய பைலை எங்கே வைக்கின்றீர்கள் என்பதும் முக்கியம். போன் மாறும்போது அதுவும் போய்விடக்கூடாது. பெயரிடும்போது "கடைசி", "கடைசி 2", "சரியான கடைசி" என்று பெயரிட வேண்டாம். கஸ்டமரின் பெயர், பொருள், தடிப்பு, திகதி என்ற ஒழுங்கில் பெயரிட்டு, அதே பெயரைக் கையெழுத்துத் தாளிலும் பில்லிலும் எழுதச் செய்யுங்கள். திருத்தம் வந்தால் திகதியை மாற்றிப் புதிய பைலாகச் சேமித்து, பழையதை வெட்டுபவரின் கணினியிலிருந்து அழிக்கச் சொல்லுங்கள். அழித்ததை முன்னால் நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.